ஒரு சாண் ஆழம்

துணி துவைக்கிற கல் நான்கு விரற்கடை நகர்ந்திருந்தது.

வேறு யார் கண்ணிலும் அது பட்டிருக்காது. அந்த வீட்டுத் தையற்காரியின் கண்ணில் பட்டது. ஊரார் வீட்டு ஜன்னல்களை அளந்து திரைச்சீலை தைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. அளந்து அளந்து, கால் அங்குலம் கோணினாலும் கண்ணில் தூசி விழுந்த மாதிரி உறுத்தும். காலையில் ஈரத் துண்டை உதறிக் காயப்போடப் பின்கட்டுக்கு வந்தவள், கொடியில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். சுவருக்கு இணையாக நேராகக் கிடந்த கல் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. நேற்றுவரை அதன் அடியில் இருந்த மண் வெளிறித் தெரிந்தது. அதில் நூல் நூலாக வெள்ளைப் புழுக்கள், கூடவே பூட்டிவைத்த பெட்டியைத் திறந்தாற்போல ஒரு புழுக்க வாடை. இரண்டு ஆள் சேர்ந்தால்தான் அசைகிற கல் அது. எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் தனியாகக் கடப்பாரையால் நெம்பி நெம்பி அதை அங்கே கொண்டுவந்து சேர்க்க அரை நாள் பிடித்தது.

"அண்ணி, டீ ஆறுது!" சமையலறையிலிருந்து நாத்தனார் கூப்பிட்டாள். "வாங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

நாத்தனார் என்றால் அவள் கணவனுடைய ஒரே தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவள். பஸ் டிப்போவில், பயணிகள் தொலைத்துவிட்டுப் போகும் சாமான்களை வாங்கிவைக்கும் அறையில் வேலை. குடை, டிபன் பாக்ஸ், பல்செட்டு என்று எது வந்தாலும் ஒரு அட்டைச் சீட்டு கட்டி, கிடைத்த நாள், கிடைத்த இடம் எழுதி அலமாரியில் வைப்பாள். அண்ணன் வேறொருத்தியோடு போய்விட்டான் என்று கேள்விப்பட்ட மறுவாரமே பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். "எங்க வீட்டு ஆளு செஞ்ச பாவத்துக்கு நான்தான் உங்களுக்குச் செய்யணும்" என்று அழுதாள். அன்றிலிருந்து சமையல் அவள், துவையல் அவள், தையற்காரிக்குக் கால் வலித்தால் எண்ணெய் தேய்த்துவிடுவதும் அவள். தையற்காரி வேண்டாமென்று ஒருநாளும் சொன்னதில்லை. காலை நீட்டிக் கொடுப்பாள்.

"சிரிக்கக் கூடாது," என்றாள் நாத்தனார், டீயை நீட்டியபடி. "எனக்கு ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கணும்."

தையற்காரி சிரிக்கவில்லை.

"டிப்போவுல நாலஞ்சு பேர் ஞாயித்துக்கிழமையானா ஏரிக்கரைக்குப் போறாங்க அண்ணி. மெஷினை வச்சுத் தரையைத் தடவிக்கிட்டே நடக்கிறது. போன வாரம் ஒருத்தருக்கு யாரோ எப்பவோ விட்ட மோதிரம் கிடைச்சுது. டாக்டரும் என்னை நட நடன்னு சொல்றாரு. கூட்டுக்கு வாங்கன்னு கூப்பிடறாங்க. ஆனா நான் கத்துக்குட்டி. கத்துக்குட்டிக்குத் தோதா, சுலபமா, விலை கம்மியா ஒண்ணு நீங்க பாத்து எடுத்துக் குடுங்க. கடைக்காரன் என்ன சொன்னாலும் எனக்குத் தலையாட்டத்தான் தெரியும்."

"ஏரிக்கரையிலதான தேடப் போற?"

"அதுக்கு முன்னாடி பழகணும்ல? நம்ம பின்கட்டு மண் தரைதானே. அங்கேயே பழகிக்கிறேன்."

வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்ற கேள்வி வரும். அவளைத் தனியாக அனுப்பினால் கடைக்காரன் பேச்சைக் கேட்டு ஆளுயரத்துக்கு ஆழம் பார்க்கிற ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவாள். டீயை மெல்லக் குடித்து முடித்தாள்.

"நானே வரேன்," என்றாள். "நானே எடுத்துத் தரேன்."

கல்லுக்குக் கீழே கிடந்தவன் அவள் கணவன்.

லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக். அடித்தவனில்லை, குடித்தவனில்லை, எந்தப் பெண்ணோடும் போனவனுமில்லை. நாலு பேர் முன்னால் அவளைப் பார்த்துச் சிரிக்கிறவன், அவ்வளவுதான். "என் பொண்டாட்டிக்கு வாயி ஊசி, மூளை ஊசி முனை" என்பான், வந்தவர்கள் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிக்க வேண்டும். பதினெட்டு வருஷம். அன்றைக்கு மழை வருவதற்குள் துவைக்கிற கொட்டகையின் தகரத்துக்கு ஆணி அடித்துவிடலாம் என்று ஏறினான். ஏணி வழுக்கியது. கல்லின் விளிம்பில் முதுகு பட விழுந்தான். ரத்தம்கூட இல்லை. இடுப்புக்குக் கீழே அசைவில்லை, அதுதான். "ஆம்புலன்சுக்குப் போன் பண்ணு" என்றான். அவள் "சரி" என்று உள்ளே வந்து போனைக் கையில் எடுத்தாள். ஒரு நிமிஷம் போகட்டும் என்று தோன்றியது. அடுத்த நிமிஷமும் அப்படியே தோன்றியது. மேசைமேல் ஒரு திரைச்சீலை பாதியில் நின்றிருந்தது. உட்கார்ந்து அதற்கு விளிம்பு மடித்துத் தைத்து முடித்தாள்.

துவைக்கிற தண்ணீர் வடிவதற்காக அவனே கொட்டகைப் பக்கத்தில் ஒரு குழி தோண்டி வைத்திருந்தான். மிச்சத்தை அவள் தோண்டினாள். தையல் டேப்பை விட்டு அளந்தாள். நாலரை அடி. வீட்டை விட்டு ஓடுகிறவன் எதையெல்லாம் எடுத்துப் போவானோ அதையெல்லாம், கைக்கடிகாரம், மோதிரம், பெல்ட், போன் என்று எடுத்துக் கால்வாயில் போட்டாள். போனைப் போடும் முன் அதிலிருந்து தங்கைக்கு ஒரு வரி அனுப்பினாள்: என்னைத் தேடாதே, எனக்கு வேறு வாழ்க்கை அமைந்துவிட்டது. ஆக, குழிக்குள் துணியும் உடம்பும்தான். குன்றிமணி அளவு உலோகம்கூடக் கிடையாது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

கேமரா, அலாரம், பூட்டு விற்கிற கடை. கடைக்காரர் காதில் பென்சில் செருகியிருந்தார். வந்ததும் வராததுமாகப் பெரிய மெஷின் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். திரையில் எண் வரும், ஆழம் சொல்லும், இரும்பா பித்தளையா தங்கமா என்று பிரித்துக் காட்டும்.

"எவ்வளவு ஆழம் பாக்கும்?" என்றாள் தையற்காரி.

"நல்ல பெரிய சாமானா இருந்தா நாலடி, அஞ்சடி கூட."

"அது வேண்டாம்."

அடுத்ததை எடுத்தார். அதுவும் வேண்டாம். அதற்கடுத்ததும். கடைசியில் கடைக்காரர் கொஞ்சம் மரியாதைக் குறைவாகவே, கீழ்த் தட்டிலிருந்து ஒரு மெல்லிய தடியை இழுத்துப் போட்டார். நுனியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம், பிடியில் ஒரே ஒரு திருகு. "இது விளையாட்டுச் சாமான் மாதிரி. படிக்க ஒண்ணுமில்ல. திருகினா வேலை செய்யும். கீழ உலோகம் இருந்தா கத்தும், இல்லேன்னா கம்முனு இருக்கும். ஒரு சாணுக்குக் கீழ எது இருந்தாலும் இதுக்குக் கண்ணு தெரியாது."

"காட்டுங்க."

சாவிக்கொத்தை மேசைமேல் போட்டு அதன்மேல் பட்டியல் புத்தகங்களை அடுக்கினார். மெஷின் கத்தியது. உலர்ந்த, ஒரே சுருதியிலான கத்தல். பசித்த பூனைக்குட்டியைப் போல. இன்னொரு புத்தகம். கத்தல் மங்கியது. இன்னொன்று. அடங்கிவிட்டது. தையற்காரி பையிலிருந்து டேப்பை எடுத்து அடுக்கின் உயரத்தை அளந்தாள். ஒன்பது அங்குலம். மறுபடி வைக்கச் சொல்லி மறுபடி அளந்தாள்.

"மெஷின் வாங்குறீங்களா, மெஷினுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றார் கடைக்காரர்.

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். வெளியே வந்ததும் தையற்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு எவ்வளவு மெனக்கெடுறீங்க அண்ணி. எங்கண்ணனுக்கு உங்க அருமை தெரியலையே."

நாலரை அடி எங்கே, ஒன்பது அங்குலம் எங்கே. தையற்காரி அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

முதல் இரண்டு நாள் வாசல் பக்கம். பாட்டில் மூடி, வளைந்த ஆணி, ஒரு ஊக்கு. ஒவ்வொன்றுக்கும் நாத்தனார் அட்டைச் சீட்டு கட்டினாள். நாள், இடம், ஆழம். மூன்றாம் நாள் மெஷினைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். தையற்காரி தையல் மெஷினை விட்டு எழுந்து ஜன்னலருகே நின்றாள். கொட்டகை, கொடிக்கம்பம், கல். நாத்தனார் கல்லைச் சுற்றி இரண்டு முறை வந்தாள். மெஷின் வாயே திறக்கவில்லை.

"இங்க ஒண்ணுமில்ல அண்ணி!"

"நான்தான் சொன்னேனே," என்றாள் தையற்காரி. மூச்சு தன்னால் வெளியே வந்தது.

மறுநாள் சாயங்காலம் அதே பின்கட்டில், கல்லிலிருந்து வீட்டுப் பக்கமாக ஓரெட்டு தள்ளி அது கத்தியது.

லேசாக. நெஞ்சுச் சளி கட்டினவன் கூப்பிடுவதைப் போல. நாத்தனார் குதூகலமாகக் கரண்டியை எடுத்து ஒரு சாண் தோண்டினாள். ஒன்றுமில்லை. கையை விட்டுத் துழாவினாள். ஒன்றுமில்லை. மெஷின் மட்டும் கத்திக்கொண்டேயிருந்தது. கடைசியில், கிடைத்த பொருள் தெரியவில்லை, ஆழம் ஒரு சாணுக்குள் என்று சீட்டெழுதி வெறும் மண்ணில் குச்சி நட்டுக் கட்டிவைத்தாள். மறுநாள் காலையில் குச்சிக்கருகே மெஷின் ஊமையாகிவிட்டது. வீட்டை நோக்கி இரண்டு எட்டு தள்ளி வந்து கத்தியது.

தையற்காரி கடைக்குப் போன் செய்தாள்.

"மெஷின் கெட்டுப்போச்சு. இல்லாததுக்கெல்லாம் கத்துது."

"அந்த மெஷினாம்மா?" கடைக்காரர் சிரித்தார். "இல்லாததை இருக்குன்னு சொல்ற அளவுக்கெல்லாம் அதுக்கு அறிவு கிடையாது. இருந்தா கத்தும். அவ்வளவுதான்."

அன்று ராத்திரி நாத்தனார் தூங்கினதும் பேட்டரியைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். விடிந்ததும் நாத்தனார் சமையலறை டார்ச்சிலிருந்து பேட்டரியை எடுத்து மாட்டிக்கொண்டாள். எந்த பேட்டரியும் போதும், அவ்வளவு சுலபமான மெஷின். தையற்காரிக்கு எரிச்சல் தலைக்கேறியது. "வேலை வெட்டி இல்லாம மண்ணைப் பறிச்சுக்கிட்டு இரு. கட்டினவளை விட்டுட்டு ஓடினவனுக்குத் தங்கச்சிதானே நீ, புத்தி எப்படி இருக்கும்?" நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது. தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுடுங்க அண்ணி" என்றாள். அந்தக் குனிந்த தலையைப் பார்க்கத் தையற்காரிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் சாயங்காலம் டிப்போவிலிருந்து வந்ததும் நாத்தனார் மறுபடி மெஷினைக் கையில் எடுத்தாள்.

பின்வாசல் படியில் கத்தியது. அதற்கு அடுத்த நாள் சமையலறைச் சிமென்ட் தரையில்.

மண்ணில் குச்சி நட்ட மாதிரி சிமென்டில் நட முடியாதே. தையல் அறையிலிருந்து வெள்ளைச் சாக்கட்டியை எடுத்துவந்து, கத்தல் தொடங்குகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் குறி வைத்து நடுவே கோடு இழுத்தாள் நாத்தனார். தையற்காரி அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து டேப்பை வைத்து அளந்தாள். பதினாறு அங்குலம். மறுநாள் அடுப்பு மேடைக்குக் கீழே ஒரு கோடு, பதினாறு அங்குலம். நடையில் ஒன்று, பதினாறு. ஒவ்வொன்றும் கொஞ்சம் கோணத்தை மாற்றி, கொஞ்சம் முன்னேறி. ஊர்ந்து வருகிறவன் காலை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி வருவதைப் போல. பிணத்தோடு எந்த உலோகமும் போகவில்லை என்று தனக்குத் தானே நூறு தரம் சொல்லிக்கொண்டாள். கடிகாரம் இல்லை. மோதிரம் இல்லை. பெல்ட் இல்லை.

வீட்டுக்குள் இப்போது எப்போதும் அந்த வாடை. சாம்பிராணியோ பினாயிலோ எதைக் கொண்டு வந்தாலும் அதற்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிற ஈர மண் வாடை. தையல் மெஷினை மிதிக்கும்போது உள்ளங்காலுக்குக் கீழே எதுவோ மிதிக்கு எதிர்மிதி மிதிப்பதாகத் தோன்றும். காலை எடுத்தால் நின்றுவிடும். நடையில் இருந்த கோட்டைத் தாண்டிப் போக முடியாமல், குழந்தை மாதிரி சுவரோடு ஒட்டிப் போனாள்.

வியாழக்கிழமை நாத்தனார் வேலைக்குக் கிளம்பும்போது நடையில் குந்தி உட்கார்ந்து செருப்பு மாட்டினாள். கோட்டைப் பார்த்துக்கொண்டே ஒற்றை விரலால் தடவினாள்.

"இவ்வளவுதான் இருந்துச்சு அண்ணி, அந்தக் கம்பியும்."

"எந்தக் கம்பி?"

"அண்ணன் தொடையில வச்சாங்களே. பத்தொம்பது வயசுல பைக்ல விழுந்து எலும்பு ரெண்டாப் போச்சுல்ல. நான் அப்ப ஆறாம் கிளாஸ். ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் எடுத்துக் காட்டினாரு, இந்தக் கம்பிதான் உங்கண்ணனை நிக்க வைக்கப் போகுதுன்னு." நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா என்ன? பதினெட்டு வருஷம் கூட இருந்தீங்களே."

தொடையில் நீளமாக ஒரு தழும்பு இருந்தது தெரியும். என்ன ஏது என்று அவள் கேட்டதில்லை. அவன் சொல்லியிருப்பான். அவள் காதில் வாங்கியிருக்க மாட்டாள்.

"தெரியும்," என்றாள். "தெரியாம என்ன."

நாத்தனார் போனதும் கதவைத் தாழிட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தாள்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கல் இதற்குள் குழியை விட்டு முழுவதும் விலகிக் கிடந்ததால் அவள் எதையும் நெம்ப வேண்டியிருக்கவில்லை. முதல் இரண்டு அடி கெட்டி மண், அவள் மூடியபின் யாரும் தொடாத மண். அதற்குக் கீழே மண்வெட்டி சட்டென்று உள்ளே போனது, மண்ணே இல்லாத ஒரு இடத்துக்கு. அவள் மண்டியிட்டுக் கையால் வாரினாள். குழிக்குள் ஒரு குகை மாதிரி வெறுமை இருந்தது. ஆள் படுத்த அளவுக்கு. அங்கிருந்து வீட்டுப் பக்கமாக, மேல்நோக்கி, ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து போயிற்று. அதன் சுவர்கள் வழவழப்பாக இருந்தன, நாக்கால் நக்கினாற்போல. இவ்வளவு மண் எங்கே போனது? வெளியே குவியல் எதுவும் இல்லையே. ஒரு கூடை மண்கூட வெளியே வரவில்லையே. அப்படியானால் தோண்டிய மண்ணெல்லாம்... அந்த நினைப்பை முடிக்காமல் தலையை உதறினாள்.

அடியில் துணி கிடந்தது. திரைச்சீலைக்கு உள்துணியாகப் போடுகிற கெட்டித் துணி. அவனை அதில் சுற்றி, கால் முதல் தலை வரை இரட்டை நூல் போட்டு அவள் தைத்திருந்தாள். தைக்கும்போது அவன் கண் திறந்திருந்தது. விழுந்த இரண்டாவது நாள் அது. நாக்கு வறண்டு பேச்சு வரவில்லை, ஆனால் கண் ஊசியோடு கூடவே போய்வந்தது. ஊசி மேலே போனால் மேலே, கீழே வந்தால் கீழே. முகத்துக்கு வந்தபோது அவள் கொஞ்சம் சின்னத் தையலாகப் போட்டாள். நல்ல கைவேலை, பிரியாது.

துணியை வெளிச்சத்துக்கு இழுத்தாள். கிழிசல் எதுவுமில்லை. தையல் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு தையலாக, பொறுமையாக, உள்பக்கத்திலிருந்து. பிரித்த நூல் சின்ன உருண்டையாகச் சுற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது.

மழை விழத் தொடங்கியது.

எப்படி உள்ளே வந்தாள், எப்போது கை கழுவினாள், தெரியாது. தையல் அறைத் தரையில் ஒரு பெரிய துணியை விரித்துப் போட்டு, கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்டாமல் உட்கார்ந்திருந்தாள். இங்கிருந்து போய்விட வேண்டும். துணியை வெட்டிக் கொடுத்துவிட்டு. இல்லை, அப்படியே. ஒரு பை போதும். எழுந்திரு. கால் எழவில்லை. இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தது, அதிக நேரம் தரையில் உட்கார்ந்ததனால் இருக்கும்.

வாசல் கதவை யாரோ தட்டினார்கள். தாழைத் திறக்க அவள் போகவில்லை. ஆனால் தாழ் விலகும் சத்தம் கேட்டது.

"மழைன்னு சீக்கிரம் விட்டுட்டாங்க அண்ணி." நாத்தனார் ஈரக் குடையோடு உள்ளே வந்தாள். "நான் தட்டின உடனே திறந்துட்டீங்களே."

தையற்காரி கத்திரியை இறுகப் பிடித்தாள்.

"என்ன, நகமெல்லாம் மண்ணு?"

"தொட்டிக்கு... செடித் தொட்டிக்கு..."

"அப்படியா," என்றாள் நாத்தனார். வீட்டில் செடித் தொட்டி கிடையாது. குடையை மடக்கி மூலையில் வைத்தாள். மெஷினை எடுத்தாள். "இன்னைக்கு இந்த ரூமை மட்டும் ஒருதரம் பாத்துடறேன். நீங்க உக்காருங்க, எழுந்திருக்க வேண்டாம்."

திருகினாள். நடையிலிருந்து தொடங்கித் தட்டை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே வந்தாள். மழைச் சத்தம். தட்டு சிமென்டை உரசும் சத்தம். நிலைப்படி. ஒன்றுமில்லை. தையல் மேசைக் கால். ஒன்றுமில்லை. விரித்த துணியின் ஓரம்.

கத்தியது.

இவ்வளவு உரக்க அது எப்போதும் கத்தியதில்லை. தையற்காரிக்கு இரண்டு முழம் எதிரே. நாத்தனார் சாக்கட்டியோடு குனிந்தாள். முன்னால் நகர்த்தினாள், அடங்கியது. பின்னால் நகர்த்தினாள், அடங்கியது. இடம், வலம், எங்கும் அடங்கியது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கத்தியது.

"இன்னைக்குக் கோடு இல்ல அண்ணி," என்றாள். "புள்ளிதான்."

வைத்தாள். துணியின்மேல் ஒரு வெள்ளைப் புள்ளி.

தையற்காரி புள்ளியைப் பார்த்தாள். பதினாறு அங்குலக் கம்பி. படுத்திருந்தால் கோடு. புள்ளி என்றால் கம்பி செங்குத்தாக நிற்கிறது. கம்பி நின்றால் தொடை நிற்கிறது. தொடை நின்றால்.

வேண்டாம் என்று நினைத்தாள். ஆனால் அளந்து பழகின புத்தி தானாகவே அளந்தது. கம்பியின் மேல்நுனி ஒரு சாணுக்குள் இருக்கிறது. அப்படியானால் இடுப்பு தரை மட்டத்தில். இடுப்பிலிருந்து தோள் பதினெட்டு அங்குலம். எத்தனை சட்டை தைத்துப் போட்டிருக்கிறாள். தோளிலிருந்து மோவாய் ஐந்து. அதற்கு மேலே இரண்டு அங்குலத்தில் வாய். அதெல்லாம் தரைக்குக் கீழே இல்லை.

அறைக்குள் இருக்கிறது.

தரையில் உட்கார்ந்திருந்த அவள் முகத்துக்கு நேரே.

எதிரே வெறும் காற்று. அதற்கப்பால் சுவர், மழை ஒழுகும் ஜன்னல். அவ்வளவுதான். மூச்சை அடக்கினாள். அவள் மூச்சை அடக்கிய பிறகும் அவள் கன்னத்தில் மூச்சு பட்டது. ஈரமாக. மண் வாடையாக.

மெஷின் கத்திக்கொண்டேயிருந்தது.

பிறகு காற்றிலிருந்து மண் உதிர்ந்தது.

முதலில் ஒரு சிட்டிகை. வெள்ளைத் துணியில் பொட்டுப் பொட்டாக. பிறகு ஒரு பிடி. அவள் வாய்க்கு நேர் எதிரே, ஒன்றுமே இல்லாத ஒரு இடத்திலிருந்து, கட்டி கட்டியாக, வேரும் புழுவும் எச்சிலும் கலந்து, பொலபொலவென்று கொட்டியது. புள்ளி மூடிப்போயிற்று. குவியல் உயர்ந்தது. ஒரு கூடை. இரண்டு கூடை. எட்டு மாதத்து மண். அவள் மடிவரை சரிந்து வந்தது. கால் நகரவில்லை. கத்திரி கையிலிருந்து நழுவியது.

நின்றது.

கடைசிக் கட்டி ஒன்று விழுந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

நாத்தனார் மெஷினைத் திருகி அணைத்தாள். சுவரில் சாய்த்து வைத்தாள். குவியலுக்கு இந்தப் பக்கமாக வந்து மண்டியிட்டாள். கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, தலையைச் சாய்த்து, அந்த வெற்றுக் காற்றுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் வைத்தாள்.

"சொல்லுண்ணா," என்றாள்.

தையற்காரிக்கு மழைதான் கேட்டது. நாத்தனார் கேட்டுக்கொண்டிருந்தாள். "ம்," என்றாள். கொஞ்சம் நேரம் கழித்து மறுபடி, "ம்." தலையை மெல்ல மெல்ல ஆட்டினாள். பொறுமையாக, ஒன்றுவிடாமல், டிப்போவில் எதையோ தொலைத்துவிட்டு வந்து சொல்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வாளே, அப்படி. அவள் கண் மட்டும் தையற்காரியின் முகத்தை விட்டு நகரவேயில்லை.